சேலைத் துண்டு கட்டிய தடிகள்

வட்டக்கச்சி
02.12.2024

அன்புள்ள மகள் வினோஜாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மழைக்குக் கொஞ்சம் முணுமுணுக்கிறது, மற்றப்படி குறையில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள்.

ஏன் திடீரென்று கடிதம் என்று யோசிப்பாய். போனில் நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதமென்றால் பதில் எழுதித்தான் ஆகவேண்டும். தங்கராசாவின் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். கண்டக்டர் என்றாலும் தபால்காரரைவிட நம்பிக்கையான மனுசன். உன் பதிலையும் அவரிடமே கொடு.

வயல் நன்றாக நிற்கிறது. நான் கேட்க வந்தது உன் படத்தைப் பற்றி. கிளிநொச்சியில் ஆவணப்பட விழா வைக்கப்போகிறார்கள் என்று சங்கக் கடையில் கதைத்தார்கள். எங்கள் மருதடி வாய்க்காலைப் பற்றி நீ எடுத்த படத்தை அனுப்பிவிட்டாயா? வயல் செய்கிற கமக்காரர் அமைப்பொன்று எப்படி ஒழுங்காக நடக்கவேண்டும் என்று நாலு பேர் பார்க்கட்டும். தலைவர் உன் அப்பா என்பதற்காகச் சொல்லவில்லை.

முக்கியமான விசயம். போன சிறுபோக விதைப்புக்கு முதல் நான் வாய்க்காலுக்குள் இறங்கித் தடிகள் பிடுங்கியதை நீ எடுத்தாயே, அந்தக் கட்டம் கட்டாயம் இருக்கவேண்டும். அன்று போட்டிருந்த வெள்ளைச் சேட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கடவுள் துணை.
அன்பு அப்பா,
பரமலிங்கம்

---

வவுனியா
11.12.2024

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் சுகம். நேரத்துக்குத்தான் சாப்பிடுகிறேன். அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் வாங்கித் தங்கராசா அண்ணையிடம் கொடுத்திருக்கிறேன்.

படத்தை விழாவுக்கு அனுப்பிவிட்டேன், ஆனால் இன்னும் முழுதாக வெட்டி முடிக்கவில்லை. பகலில் ஸ்ரூடியோவில் கலியாண வீடியோ வெட்டுகிறேன், பின்னேரம் என் படத்தை வெட்டுகிறேன். ஒரு மாப்பிள்ளை தாலி கட்டி முடிப்பதற்குள் எனக்கு வாய்க்கால் ஞாபகம் வந்துவிடுகிறது.

ஒன்று சொல்லவேண்டும் அப்பா. படம் அமைப்பைப் பற்றியது மட்டுமல்ல. வாய்க்கால் கடைசியில் குத்தகைக்குச் செய்கிற வடிவம்மா அக்காவும் மற்றப் பெண்களும் தாங்களாகச் சேர்ந்து துப்புரவு செய்ததுதான் கூட இருக்கிறது. கூட்டத்தில் தங்களுக்கும் கை உயர்த்த உரிமை வேண்டுமென்று அவர்கள் கேட்டதும் வரும்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எங்கள் அடையாளக்கல் வழக்கம் விளங்காது. அதை உங்கள் வார்த்தையில் எழுதி அனுப்புங்கள். படத்தின் தொடக்கத்தில் எழுத்தாகப் போடலாம்.

பாசத்துடன்,
வினோஜா

---

வட்டக்கச்சி
19.12.2024

அன்பு மகளுக்கு,

இங்கு எல்லோரும் நலம். எண்ணெய் வந்தது. அம்மா பூசிக்கொண்டு நடக்கிறாள், பூசாமல் இருந்தபோதும் அப்படித்தான் நடந்தாள்.

நீ கேட்டதை எழுதுகிறேன், கவனமாகப் படத்தில் போடு. வாய்க்காலில் தண்ணீர் திறக்க முதல் அவரவர் தம் துண்டைத் துப்புரவு செய்யவேண்டும். செய்து முடித்தவர் அந்த இடத்து வரம்பில் வெள்ளை அடித்த கல்லொன்றை வைப்பார். கூட்டத்தன்று காலையில் நாங்கள் வாய்க்கால் வழியே நடந்து கல்லைப் பார்ப்போம். கல் வைத்தவர்தான் தண்ணீர் திறக்கும் திகதிக்குக் கை உயர்த்தலாம். என் ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து காடு வெட்ட வந்த காலத்தில் போட்ட சட்டம் இது. காணி யாருடையது என்று அவர் கேட்கவில்லை, மண்வெட்டி பிடித்தவன் யார் என்றுதான் கேட்டார்.

வடிவம்மாவின் ஆட்கள் நல்ல உழைப்பாளிகள், இல்லையென்று சொல்லமாட்டேன். காணிக்காரர் லண்டனிலும் கொழும்பிலும் இருக்க, மலையகத்திலிருந்து வந்து தலைமுறையாக அந்தக் கடைசி வயல்களைச் செய்கிறார்கள். ஆனால் அன்று கூட்டத்தில் நடந்தது உனக்குத் தெரியும்தானே. வடிவம்மா எழும்பி, "நாங்களும் அடையாளம் வச்சோம் ஐயா" என்றாள். நான் காலையில் முழு வாய்க்காலும் நடந்தவன். "வெள்ளைக்கல் ஒண்டையும் காணேல்லையே பிள்ளை, நரி தூக்கிக்கொண்டு போட்டுதோ?" என்றேன். கூட்டமே சிரித்தது. அதையும் போடு, சனம் ரசிக்கும்.

அந்தத் தடிக் கட்டத்தை மறந்துவிடாதே.

கடவுள் காப்பாராக.
அப்பா

---

வவுனியா
09.01.2025

அன்புள்ள அப்பா,

நான் நலம். பதில் பிந்திவிட்டது, வேலை.

அன்று பிடுங்கிய தடிகளை என்ன செய்தீர்கள்? அவற்றில் துணி கட்டியிருந்ததல்லவா, அந்தத் துணிகள் இப்போது எங்கே? தயவுசெய்து ஞாபகப்படுத்தி எழுதுங்கள்.

பொங்கலுக்கு வர முடியாது. அம்மாவிடம் சொல்லுங்கள்.

வினோஜா

---

வட்டக்கச்சி
16.01.2025

மகள் வினோஜாவுக்கு,

நாங்கள் சுகம். பொங்கல் பொங்கியது. நீ இல்லாததால் அம்மா வழக்கத்தைவிடச் சர்க்கரையைக் கூடப் போட்டுவிட்டு, குறைந்துவிட்டது என்று சண்டை பிடித்தாள்.

உன் கடிதத்தைப் பார்த்தால் பொலிஸ் விசாரணை போல இருக்கிறது. வேலை கூடவென்றால் ஒரு நாள் படுத்து நித்திரை கொள். கேட்டதற்குப் பதில்: தடியெல்லாம் குசினி அடுப்புக்குள் போய்விட்டது, நல்ல காய்ந்த பாலைத் தடிகள். துணிகளை எறியப் போனேன், அம்மா விடவில்லை. கிழிந்த சேலைத் துண்டுகள், மெத்தென்று இருக்கும், கொடியை வெட்டாது என்று பாகற்பந்தலில் கட்டியிருக்கிறாள். இன்னும் அங்கேதான் கிடக்கின்றன. பச்சை, ஊதா, ஒரு மஞ்சள் கரை வைத்தது. யாரோ மயிலுக்குப் பயம் காட்ட நட்டவை என்று நினைக்கிறேன். மயிலுக்கு நடுவதென்றால் வயலுக்குள் நடவேண்டும், வாய்க்கால் தரையில் நட்டால் தண்ணீர் எப்படிப் போகும்? அதைத்தானே உன் கமராவைப் பார்த்துச் சொன்னேன்.

படம் தெரிவாகிவிட்டது என்று தங்கராசா சொன்னார். நீ அவரிடம் சொல்லியிருக்கிறாய், எனக்கு எழுதவில்லை. பரவாயில்லை. நான் சங்கக் கடையில் எல்லோருக்கும் இனிப்பு ரொபி கொடுத்தேன்.

நலமே இரு.
அப்பா

---

வவுனியா
03.02.2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம். ஓம், படம் தெரிவாகியிருக்கிறது. மார்ச் 15, சனிக்கிழமை பின்னேரம், கிளிநொச்சியில் கூட்டுறவு மண்டபம். முல்லைத்தீவில் கரைவலை இழுக்கிற பெண்கள் தங்கள் கரையைத் திரும்பப் பெற்ற கதை ஒன்றும், நகரசபைத் துப்புரவுத் தொழிலாளர் சங்கம் அமைத்த கதை ஒன்றும் அதே நாளில் வருகின்றன. இரண்டும் என் படத்தைவிட நல்லவை.

நீங்களும் அம்மாவும் வந்தால் போதும் அப்பா. ஊரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம்.

வினோஜா

---

வட்டக்கச்சி
12.02.2025

அன்பு மகளுக்கு அப்பா,

இங்கு அரிவு வெட்டு முடிந்தது, நெல் வீடு வந்துவிட்டது, உடம்பும் மனமும் நலம்.

ஊரைக் கூட்ட வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். உன் கடிதம் வர முதலே கூட்டிவிட்டேன். இரண்டு ட்ராக்டர் பெட்டி பேசியாயிற்று. பிள்ளைகள் பரிசு வாங்கினால் ஊர் போய்க் கை தட்டுவதில்லையா? வெட்கப்படாதே. உனக்கு இந்த வெட்கம் அம்மா பக்கத்தால் வந்தது.

வடிவம்மாவையும் சந்தியில் கண்டேன். "உங்கட ஆக்களும் படத்தில வாறியளாம், ஒரு பெட்டி உங்களுக்கு" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "ஐயா சொன்னா சரிங்க" என்று போனாள். அவளோடு வயல் செய்கிற இராசேஸ்வரி கொஞ்சம் தள்ளி நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் வருவார்கள். என்ன கோபமோ தெரியாது.

வெள்ளைச் சேட்டை அம்மா தோய்த்து ஸ்திரிக்கை போட்டு வைத்துவிட்டாள். நான் முன்வரிசையில் இருப்பேன்.

அப்பா

---

வவுனியா
23.02.2025

அன்புள்ள அப்பா,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் உடம்பால் சுகம். ஒன்றரை மாதமாக எழுதாமல் வைத்திருந்ததை இன்று எழுதுகிறேன். நீங்கள் சேட்டைத் தோய்த்து வைத்திருக்கும்போது நான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

நீங்கள் பிடுங்கியது மயிலுக்கு நட்ட தடிகள் அல்ல. அவைதான் வடிவம்மா அக்காவின் ஆட்கள் வைத்த அடையாளம்.

துப்புரவு நடந்த முதல் நாள் நான் எடுத்தேன், பிறகு ஒரு கலியாணத்துக்காக வவுனியா வந்துவிட்டேன். கூட்டத்தன்று விடியத்தான் திரும்பினேன். நீங்கள் கூப்பிட்டீர்கள், தடி பிடுங்குவதை எடுத்தேன். எனக்கும் அப்போது தெரியாது. ஜனவரி தொடக்கத்தில் படத்தை வெட்டும்போதுதான் கண்டேன். வடிவம்மா அக்கா மண்வெட்டி பிடிக்கும்போது உடுத்தியிருந்த மஞ்சள் கரைச் சேலையின் துண்டு உங்கள் கையில் இருக்கிறது. படத்தை நிறுத்தி, திரும்பத் திரும்பப் பார்த்தேன். வேறு ஒன்றாக இருக்கவேண்டும் என்று கும்பிட்டேன் அப்பா. பிறகு, அடையாளத்தை எங்கே வைத்தீர்கள் என்று மட்டும் அவவிடம் போனில் கேட்டேன். "வரம்பு காணிக்காரங்களுதும்மா, அதுல நாங்க எப்படிக் கல்லு வைக்கிறது? வாய்க்கா தரை யாருதும் இல்லையே, அதான் அதுல தடி நட்டு ஆளுக்கொரு சேலைத் துண்டு கட்டினோம்" என்றார். பிடுங்கியது யாரென்று அவவுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

காலையில் நீங்கள் பிடுங்கினீர்கள். மத்தியானம் கூட்டத்தில் அடையாளம் எங்கே என்று கேட்டுச் சிரித்தீர்கள். முந்தித் திறக்கக் கேட்க வந்த அவர்களால் கை உயர்த்த முடியவில்லை, தண்ணீர் சித்திரை வருடப்பிறப்பு முடிந்துதான் திறந்தது. ஆவணியில் குளம் வற்றியபோது கடைசி வயல்களில் நெல் பால் பிடிக்க முதல் காய்ந்தது. எல்லாம் என் படத்தில் வரிசையாக இருக்கிறது.

அந்தக் கட்டத்தை வெட்டிவிட்டால் படம் கெடாது, விழாக்காரருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் வெட்டினால் ஊர் கண்ணில் அந்தப் பெண்கள் வைக்காத அடையாளத்தை வைத்தோம் என்று சொன்னவர்களாகவே இருப்பார்கள். வைத்தால், நீங்கள் கூட்டிக்கொண்டு வருகிற ஊருக்கு முன்னால் உங்கள் தலை குனியும். இரண்டையும் நினைத்து அழுதேன். வெட்டவில்லை அப்பா. வெட்டமாட்டேன்.

வருவதும் வராததும் உங்கள் விருப்பம். தெரியாமல் வந்து இருக்கவேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும்.

உங்கள் மகள்,
வினோஜா

---

வட்டக்கச்சி
07.03.2025

வினோ குஞ்சுக்கு அம்மா எழுதுவது. முழங்கால் சுகம். நீ மெலிந்து போனாயோ என்று யோசனையாக இருக்கிறது.

அப்பாவின் பதிலைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நான் எழுதுகிறேன். கடிதத்தை விறாந்தைக் கதிரையில் இருந்து வாசித்தார். மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார். என்னவென்று கேட்டதற்கு, "வினோ சுகமாம்" என்றார். பிறகு அவர் வயலுக்குப் போனதும் நான் எடுத்து வாசித்தேன். பாகற்பந்தலில் அந்தத் துணியைக் கட்டியது நானல்லவா, எனக்குப் பந்தலடிக்குப் போகவே ஒரு மாதிரி இருக்கிறது.

ஒவ்வொரு காலையும் வாய்க்கால் கடைசிவரை சைக்கிளில் போய் வருகிறார். சாப்பாட்டில் உப்பு இல்லையென்றாலும் சாப்பிட்டுவிட்டு எழும்புகிறார். இத்தனை வருசத்தில் இப்படி நான் கண்டதில்லை.

ஆனால் ட்ராக்டர்காரருக்கு வரவேண்டாம் என்று இன்னும் சொல்லவில்லை. அதை மட்டும் உனக்குச் சொல்லலாம் என்று எழுதினேன்.

அம்மா

---

வவுனியா
18.03.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வீடு போய்ச் சேர்ந்து சுகமாக இருப்பீர்கள். தேத்தண்ணிகூடக் குடிக்காமல் ட்ராக்டரில் ஏறிவிட்டீர்கள், கதைக்க முடியவில்லை. அதனால் கடிதம்.

நீங்கள் வரமாட்டீர்கள் என்று நினைத்தேன். வெள்ளைச் சேட்டோடு வந்து முன்வரிசையில் இருந்ததும் நான் பின்வரிசைக்குப் போய்விட்டேன். படம் ஓடும்போது நான் திரையைப் பார்க்கவில்லை, உங்கள் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் நீங்கள் தடியைப் பிடுங்கி, "வாய்க்காலுக்குள்ள தடி நட்டா வாற தண்ணி எங்கால போறது?" என்று சொன்னபோது ஊர் ஆட்கள் கை தட்டினார்கள். அடுத்தது கூட்டம், நரிக் கதை. அதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு வடிவம்மா அக்கா மஞ்சள் கரைச் சேலையோடு மண்வெட்டி பிடிப்பதும், அதே கரை உங்கள் கையில் இருப்பதும் அடுத்தடுத்து வந்தன. கை தட்டியவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். நீங்கள் தலையைக் குனியவில்லை.

முடிந்ததும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு மாணவி, "அந்தத் தலைவருக்கு இது தெரியுமா?" என்று என்னைக் கேட்டாள். நீங்கள்தான் எழும்பினீர்கள். "தெரியும். மகள் முதலே எழுதினவ" என்றீர்கள். திரும்பக் கதிரையில் இருந்துவிட்டீர்கள். அவ்வளவுதான். அது கோபமா, வேறா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நீங்கள் போன பிறகு வடிவம்மா அக்கா என்னிடம் வந்தார். "தடியைக் காணோம்னதும், பன்னி இழுத்துப் போட்டுச்சுன்னு ஒருத்தி சொன்னா. நடுற பொறுப்பு இராசேஸ்வரியோடது, அவதான் சரியா நடாம விட்டுட்டான்னு நான் சொன்னேன். ஒரு வருசமா அவகூட நான் பேசலம்மா" என்றார். சொல்லிவிட்டு, வாசலில் நின்ற இராசேஸ்வரி அக்காவிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள்.

பரிசு கரைவலைப் பெண்களின் படத்துக்குக் கிடைத்தது. எனக்கு அது கவலையில்லை. நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும், ஏசி எழுதினாலும் சரி.

வினோஜா

---

வட்டக்கச்சி
31.03.2025

அன்புள்ள மகள் வினோஜாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். ஒரு வரி கேட்டாய், பல வரி எழுதுகிறேன்.

எனக்குக் கோபம் இல்லையென்று நினைக்காதே. நிறையக் கோபம். உன் கடிதம் வந்த அன்று அதைக் கிழிக்கத்தான் எடுத்தேன். பிறகு, வெட்டமாட்டேன் என்று நீ எழுதிய இடத்தை வாசித்தேன். இந்தப் பிடிவாதம் அம்மா பக்கத்தால் வந்ததல்ல. அதற்குப் பிறகு கோபத்தை யார் மேல் வைப்பது என்று தெரியவில்லை, என் மேலேயே வைத்துக்கொண்டேன். நரிக் கதை சொன்னேனே, அந்த வாயை நினைத்தால் இப்போதும் சோறு இறங்குவதில்லை.

கூட்டம் சனிக்கிழமை நடந்தது. விடிய எழும்பிப் பாகற்பந்தலில் இருந்த துணிகளை எல்லாம் அவிழ்த்தேன். கொடி சரிந்து விழ, அம்மா ஏசுவாள் என்று பார்த்தேன். அவள் வாளியும் சவுக்காரமும் கொண்டுவந்து வைத்தாள். தோய்த்து, காய்ந்ததும் மடித்து எடுத்துக்கொண்டு வாய்க்கால் நடைக்குப் போனேன். வடிவம்மாவின் ஆட்கள் இந்த முறையும் தரையில்தான் தடி நட்டிருந்தார்கள். "இனி வரம்பில நடுங்கோ, முதல் தடியை என்ரை வரம்பில நடுங்கோ, ஆர் கேக்கினம் எண்டு பாப்பம்" என்றேன்.

கூட்டத்தில் துணிகளை மேசையில் வைத்தேன். "போன வருசம் இவையின்ரை அடையாளத்தைப் புடுங்கினது நான். காணேல்லை எண்டு சிரிச்சதும் நான். பிழை என்ரை" என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொல்லவில்லை, இடையில் தண்ணீர் குடிக்கவேண்டி வந்தது. "குத்தகைக்காரர் கை உயர்த்தினா நாளைக்கு ரோட்டால போறவனும் உயர்த்துவான்" என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். ரோட்டால் போகிறவன் வாய்க்கால் துப்புரவு செய்தால் அவனும் உயர்த்தட்டும், என் ஐயா போட்ட சட்டம் அப்படித்தான் என்றேன். வடிவம்மாவைக் கதிரையில் இருக்கச் சொன்னேன். "கதிரை இருக்கட்டும் ஐயா, முதல்ல கையைத் தூக்கிக்கிறோம்" என்றாள்.

இரண்டு திகதி முன்மொழிந்தோம். நான் ஏப்ரல் இருபது என்றேன், அவள் ஐந்து என்றாள். நான் இருபதுக்குத்தான் கை உயர்த்தினேன். பிழையை ஒத்துக்கொள்வது வேறு, திகதி வேறு. பிறகு ஐந்துக்குக் கேட்டபோது அந்தப் பக்கம் முழுக்கக் கைகள் எழும்பின, இராசேஸ்வரியின் கை எல்லாவற்றுக்கும் மேலே. கைகளை எண்ணிய எங்கள் செயலாளர் ஜெயந்தன் என் முகத்தைப் பார்த்தான். நான் தலைவராக இருந்து என் திகதி தோற்றது இதுதான் முதல் தடவை. தோற்றபோது எனக்கு என்னமோ நெஞ்சு லேசாகிவிட்டது. இதை அம்மாவிடம் சொல்லிவிடாதே.

போகும்போது வடிவம்மா துணிகளை எடுத்துக்கொண்டாள். அந்த மஞ்சள் கரைத் துண்டை மட்டும் திருப்பித் தந்தாள். "பந்தலுக்குக் கட்டுங்க, கொடி பாவம்" என்றாள். கட்டிவிட்டேன்.

ஐந்தாம் திகதி காலையில் தண்ணீர் திறக்கிறோம். கமராவோடு வா. தண்ணீரை நான் திறக்கமாட்டேன், வடிவம்மாதான் திறப்பாள். நான் கரையில் வெள்ளைச் சேட்டோடு நிற்பேன். என்னை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் கண்ணை என் மேல் வைத்திரு. நான் எதையாவது பிடுங்கக் குனிந்தால் கமராவைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா, பொறுங்கோ" என்று கூப்பிடு.

உன்னை நினைத்துப் பெருமைப்படும்,
அப்பா
பரமலிங்கம்